அரியூர்ச் சோலையின் பசையெடுப்பான்



கொல்லிமலை என்றவுடன் தமிழ் கற்றோர் நெஞ்சில் முதலில் எழுபவன் வல்வில் ஓரி. அடுத்து எழுவது, காண்போர் உயிரைக் கவரும் என்று புலவர் பலர் பாடிய கொல்லிப்பாவை. இவ்வுரையின் பொருள் அவ்விருவரும் அல்லர். ஓரியின் மலைக்காட்டில், அடிமரத்தைப் பற்றி ஊர்ந்து, பட்டையிடுக்கில் ஒளிந்திருக்கும் பூச்சிகளைத் தின்று வாழும் ஒரு சிறு பறவையே இவ்வுரையின் பொருள். பறவை நூல்கள் அதனைப் பசையெடுப்பான் என்று தமிழில் வழங்குகின்றன. சிட்டுக்குருவியினும் சிறிய அவ்வுயிரைப் பற்றி ஓர் இலக்கிய வட்டத்தில் பேசுவானேன் என்ற வினா எழுவது இயல்பே. அதற்கு விடை தேடுவதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் இடத்தை அறிதல் நன்று. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை, சமவெளியிலிருந்து செங்குத்தாக எழுந்து, மேலே ஏறத்தாழ ஆயிரம் மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் மேடும் பள்ளமுமாகப் பரந்து கிடப்பது. காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலேறும் சாலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. மலைமேல் 14 நாடுகள். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, சேளூர் நாடு, தேவனூர் நாடு, குண்டூர் நாடு என்று விரியும் அவ்வரிசையில் ஒன்று அரியூர் நாடு. அங்கே வாழும் பெருங்குடியினர் மலையாளிகள் எனப்படும் பழங்குடி மக்கள். இப்பெயர் கேரளத்தாரைக் குறிப்பதன்று; மலையை ஆள்வோர் எனப் பொருள் கொள்வர். நாடு என்ற சொல் இம்மலையில் ஏட்டில் உறங்கும் பழஞ்சொல் அன்று. இன்றும் ஊராட்சியின் பெயராக, உறவின் எல்லையாக, கோயில் உரிமையாக நின்று வழங்குவது. அந்நாட்டின் பெயரையே தாங்கி நிற்கும் காடு அரியூர்ச் சோலை. பசுமை மாறாத மரங்கள் செறிந்த இத்தகைய சோலைகள், கிழக்குத் தொடர்ச்சி மலையில் அரிதாக எஞ்சியவற்றைச் சேர்ந்தவை.

பசையெடுப்பான் இமயத்தின் அடிவாரக் காடுகளிலும், மேற்கு, கிழக்குத் தொடர்ச்சி மலைகளிலும், இலங்கையிலும், கடல்கடந்து சாவகம், போர்னியோ வரையிலும் பரவி வாழும் பறவை. கொல்லியின் சோலைகள் அதற்கு ஏற்ற இருப்பிடம். அதன் முதுகு ஊதா கலந்த நீலம். நெற்றியில் வெல்வெட்டுத் துணியை ஒட்டியது போன்ற கரும்பட்டை. அலகு பவளச் சிவப்பு. கண் மஞ்சள். தொண்டை வெளுத்தும் வயிறு இளம்பழுப்பாகவும் இருக்கும். ஆணுக்குக் கண்ணின் மேலாகப் பின்னோக்கி ஓடும் ஒரு கரும்புருவம் உண்டு, பெண்ணுக்கு அஃதில்லை. இத்துணை நிறங்களைத் தாங்கிய உடல் ஒரு பெருவிரலின் பருமனுக்குச் சற்றே கூடுதல்.

எனினும் இப்பறவையின் சிறப்பு நிறத்தில் இல்லை, நடையில் இருக்கிறது. மரங்கொத்தி அடிமரத்தில் மேல்நோக்கி ஏறும் பறவை. அதன் காலில் இரு விரல்கள் முன்னும் இரு விரல்கள் பின்னும் அமைந்திருக்கும். விறைத்த வால் முட்டுக்கோலாக மரத்தில் ஊன்றும். வாலை ஊன்றி நிற்பதாலேயே அது தலைகீழாக இறங்க இயலாதது. பசையெடுப்பானுக்கு அம்முட்டுக்கோல் இல்லை. குட்டையான வாலை அது மரத்தில் ஊன்றுவதே இல்லை. அதன் காலில் மூன்று விரல்கள் முன்னும், வலிய நகம் கொண்ட ஒரு விரல் பின்னும் உள்ளன. ஒரு காலை மேலே வைத்துப் பட்டையில் தொங்குகிறது; மற்றொரு காலைக் கீழே வைத்துத் தாங்குகிறது. இவ்விரு கால்களின் மாற்றத்தாலேயே மேலேறும், பக்கவாட்டில் சுற்றும், கிளையின் அடிப்புறத்தில் தொங்கியபடி ஓடும், தலை கீழாகவும் வால் மேலாகவும் மரத்தின் உச்சியிலிருந்து தரை நோக்கி இறங்கும்.

இவ்விறக்கத்தில் ஒரு பயன் உண்டு. பட்டையின் செதில்கள் கீழிருந்து பார்ப்பவனுக்கு ஒரு முகத்தையும் மேலிருந்து பார்ப்பவனுக்கு வேறொரு முகத்தையும் காட்டுவன. ஏறிச் செல்லும் பறவையின் கண்ணுக்குத் தப்பிய சிலந்தியும் புழுவும் இறங்கி வரும் பறவையின் கண்ணுக்குத் தப்புவதில்லை. ஒரே மரத்தில் மரங்கொத்தியும் பசையெடுப்பானும் பசியாற முடிவது இதனால்தான். காட்டில் அது தனித்தும் திரிவதில்லை. மின்சிட்டுகள், விசிறிவாலிகள், கரிச்சான்கள் எனப் பலவகைப் பறவைகள் ஒன்றுகூடி மரத்துக்கு மரம் நகரும் வேட்டைக் கூட்டத்தில் அதுவும் ஓர் உறுப்பு. ஒன்று இலையைத் துழாவும். ஒன்று பறக்கும் பூச்சியைப் பிடிக்கும். பசையெடுப்பானின் பங்கு அடிமரமும் பருங்கிளையும். அதன் 'சிட், சிட், சிட்' என்னும் விரைந்த ஒலியே, அக்கூட்டம் நெருங்குவதைப் பெரும்பாலும் முதலில் அறிவிப்பது.

இனி, பெயரின் வரலாறு. இப்பறவைப் பேரினத்துக்குச் 'சிட்டா' என்னும் பெயரை லின்னேயசு 1758இல் இட்டார். அச்சொல் அவர் படைத்ததன்று. மரத்தைக் கொத்தும் ஒரு பறவைக்கு அரிசுடாட்டில் வழங்கிய கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. நீலமுதுகு கொண்ட தென்னாட்டுப் பறவைக்கு நெற்றியைச் சுட்டும் அடைமொழியை 1820இல் வில்லியம் சுவைன்சன் சேர்த்தார். ஐரோப்பாவில் வாழும் அதன் இனத்துப் பறவை கொட்டைகளைப் பட்டையிடுக்கில் செருகி உடைத்துத் தின்பது. ஆங்கிலப் பெயர் அதைக் கொண்டே பிறந்தது. தமிழ்ப் பெயரோ, பட்டையிடுக்கில் ஓயாது குத்தும் அலகு பிசின் எடுப்பதுபோல் தோன்றும் காட்சியைச் சொல்கிறது. ஒரே பறவையினத்தை ஒரு மொழி உணவால் அறிந்தது. ஒரு மொழி தொழிலால் அறிந்தது. மரங்கொத்தியைத் தச்சன்குருவி என்றழைத்த தமிழ் மனம் இங்கும் தொழிலையே நோக்கியது.

பெயரைப் பற்றி இத்துணை நீளப் பேசுவதற்குக் காரணம், கொல்லிமலையைப் பாடிய பழைய கவிதையிலேயே உள்ளது. புறநானூற்றின் 152ஆம் பாடலில் வன்பரணர் ஓரியின் வில்லாற்றலைப் பாடுகிறார். எய்த அம்பு ஒன்று. அது யானையை வீழ்த்திப் புலியைக் கொன்று, புள்ளிமானை உருட்டிப் பன்றியைச் சாய்த்து, அயலிலிருந்த புற்றில் கிடந்த உடும்பில் சென்று தைக்கிறது. ஓர் அம்பு ஐந்து விலங்குகளை ஊடுருவியது என்று மட்டும் புலவர் சொல்லியிருந்தால் அது வெறும் புகழ்ச்சியாக முடிந்திருக்கும். யானை முதல் உடும்பு வரை ஒவ்வொன்றையும் பெயரிட்டு, ஒவ்வொன்றின் உடலுறுப்பையும் தோற்றத்தையும் இருப்பிடத்தையும் சுட்டியதால்தான், அம்பு கடந்த வழி கேட்போர் கண்முன் விரிகிறது. உடும்பு புற்றில் இருப்பது என்பது வேட்டுவனின் அறிவு. அவ்வறிவு புலவருக்கும் இருந்தது. கொல்லியின் காடு அப்பாட்டில் திரைச்சீலையாகத் தொங்கவில்லை, உயிர்களாக நிற்கிறது.

கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்கள் பெயர் சொல்லி வருவதை யாவரும் அறிவர். அதனை வெறும் அடுக்கு என்று ஒதுக்குவோரும் உண்டு. ஆனால் அருவியாடிய மகளிர் பறித்துவந்து அகன்ற பாறையில் குவித்த மலர்கள் அவை. மலையில் பிறந்த பெண்ணின் ஒரு பகற்பொழுது எத்துணைச் செல்வம் உடையது என்பதைச் சொல்ல, பூக்கள் என்ற ஒரு சொல் போதாது என்று கபிலர் கருதினார் எனலாம்.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். பெயர்ப்பட்டியல் கவிதையாகுமா? உயிரியல் அறிவு கவிஞனுக்குக் கட்டாயமா? பெயர் தெரியாத பறவையின் குரலும் நெஞ்சை உருக்குவதில்லையா? மூன்றும் நேர்மையான வினாக்கள். பட்டியல் கவிதையாகாது என்பது உண்மை. பெயர் தெரியாமலே உருகுவதும் உண்மை. ஆயினும் உருகியவன் அடுத்த நாள் அதே இடத்துக்குச் சென்று, அக்குரல் அங்கே இல்லை என்று கண்டால், எது இல்லாமற் போயிற்று என்று பிறருக்கு எடுத்துச் சொல்ல அவனிடம் ஒரு சொல் இருக்க வேண்டும். சொல் இல்லாத இழப்பு இழப்பாகவே எண்ணப்படுவதில்லை. பெயர் கவிதைக்கு அணி அன்று, சான்று.

அரியூர் நாட்டில் இச்சான்றின் தேவை எப்படிப்பட்டது என்பதை இனிக் காணலாம். பசையெடுப்பான் தானே முழுப்பொந்து குடைய வல்லதன்று. இயற்கையாக உண்டான பொந்துகளிலும், மரங்கொத்தியும் குக்குறுவானும் குடைந்து கைவிட்ட பொந்துகளிலும் அது பாசியும் மயிரும் இறகும் பரப்பி, செம்புள்ளி இட்ட வெண்ணிற முட்டைகள் மூன்று முதல் ஆறு வரை இடும். அதற்கு வேண்டிய மரம் இளமரம் அன்று. பட்டை தடித்து, வெடித்து, கிளை முறிந்த இடத்தில் உளுத்து, உள்ளே பொந்து விழுந்த முதுமரம். வணிகனின் கணக்கில் அத்தகைய மரத்துக்கு விலையில்லை. விறகு தேடுவோன் கணக்கில் முதலில் வெட்டத்தக்கது அதுவே. தோட்டக்காரனின் கணக்கில் இடத்தை அடைத்து நிற்பது. பசையெடுப்பானின் கணக்கில் அது வீடும் களஞ்சியமும்.

கொல்லிமலையின் நிலம் கடந்த சில தலைமுறைகளில் பெரிதும் மாறியுள்ளது. சாமையும் தினையும் கேழ்வரகும் பனிவரகும் விளைந்த கொல்லைகளில் மரவள்ளி பரவியது. சோலையை ஒட்டிய சரிவுகளில் காப்பியும் மிளகும் வந்தன. காப்பிச் செடிக்கு நிழல் வேண்டும். அந்நிழலைப் பழைய காட்டு மரங்களே தந்த தோட்டங்கள் உண்டு. அவற்றில் பலாவும் அத்தியும் பிற மரங்களும் நின்றன, பறவைகளும் நின்றன. பின்னர் ஆசுத்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக் மரம் அவ்விடத்தைப் பிடித்தது. அது நேராக வளரும், விரைந்து வளரும், மிளகுக்கொடி அதன்மேல் வாகாகப் படரும், அவசரத் தேவை வந்தால் வெட்டி விற்கவும் எளிது. ஆனால் வெட்டும் பருவத்துக்கு முன் அது முதுமை எய்துவதில்லை. முதுமை எய்தாத மரத்தில் பொந்து விழுவதில்லை. பல வயதும் பல வகையுமான பட்டை இல்லாத இடத்தில், பட்டையை நம்பி வாழும் பறவைக்கு வேலையும் குறைவு.

இதற்காக மலைமக்களைப் பழித்தல் அறமன்று. மகளின் திருமணமும் மகனின் கல்லூரிக் கட்டணமும் உளுத்த மரத்தை விற்று நடைபெறா. சமவெளியில் அமர்ந்து அம்மலையின் காப்பியை அருந்தி, அம்மலையின் மிளகைச் சமையலில் இட்டு உண்போர், அதே மலைக்காரன் மட்டும் காட்டைக் காத்துத் தரவேண்டும் என்று எதிர்பார்ப்பது நீதியாகாது. உண்மையில், காடு இன்று எஞ்சியிருப்பதற்கு அம்மக்களின் பழைய கட்டுப்பாடே ஒரு காரணம். கொல்லியில் கோயிற்காடுகள் பல உண்டு. தெய்வத்துக்கு உரிய அம்மரங்களில் கோடரி படலாகாது என்ற விலக்கு, எந்தச் சட்டமும் எழுதப்படுவதற்கு முந்தியது. அக்காட்டில் ஒரு மரம் பட்டுப்போனாலும் நின்றபடியே நிற்கும். தெய்வத்தின் பெயரால் நிற்கும் அப்பட்டமரத்தில், தெய்வத்தை அறியாத பறவை குஞ்சு பொரிக்கும்.

கொல்லிமலைச் சோலைகளின் மரங்களைக் கணக்கெடுத்துச் சிட்டிபாபு, பார்த்தசாரதி என்னும் இரு ஆய்வாளர் எழுதிய கட்டுரை 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. மனிதர் கை பட்ட இடங்களில் மரவகையின் வளம் மெலிந்து வருவதே அதன் பொருள். மரத்தின் வகை மெலியுமிடத்தில் அம்மரத்தின் பூச்சிகளும், அப்பூச்சிகளின் பறவைகளும் மெலியும் என்பதை ஊகிக்கப் பேரறிவு வேண்டுவதில்லை.

ஒன்றை மிகைப்படுத்தாமல் சொல்லவேண்டும். பசையெடுப்பான் உலகிலிருந்து மறையும் நிலையில் இல்லை. பரந்த நிலப்பரப்பில் வாழும் அது, உலக அளவிலான பாதுகாப்புப் பட்டியலில் கவலைக்குரிய இனமாக எண்ணப்படுவதில்லை. ஆனால் உலகில் இருத்தல் வேறு. அரியூரில் இருத்தல் வேறு. கொல்லி ஒரு தீவு. அதனைச் சூழ்ந்திருப்பது கடல் அன்று. வயலும் ஊரும் நெடுஞ்சாலையும் நிறைந்த சமவெளி. செறிந்த மரங்களிடையே மட்டும் வாழப் பழகிய சிறு பறவைக்கு அச்சமவெளி கடலினும் எளிதன்று. ஒரு சோலையில் அற்றுப்போன இனம், வேறொரு மலையிலிருந்து பறந்துவந்து மீண்டும் குடியேறும் என்று நம்பியிருக்க இயலாது. இதில் மொழிக்கும் ஓர் ஒப்புமை உண்டு. தமிழ் உலகெங்கும் வாழ்கிறது. அதனால் ஒரு மலையின் தமிழ்ச்சொல் அழியாது என்பதில்லை. அச்சொல்லைச் சொன்ன கடைசிக் கிழவியோடு அது போய்விடும்.

இவ்விடத்தில் கவிஞர்களை நோக்கிய கேள்வி பிறக்கிறது. அண்மைக்காலத் தமிழ்க் கவிதையில் பறவை என்ற சொல் வருமளவுக்குப் பறவைகள் வருகின்றனவா? விடுதலையைச் சொல்லப் பறவை. தனிமையைச் சொல்லப் பறவை. காதலைச் சொல்லப் பறவை. மரணத்தைச் சொல்லவும் அதே பறவை. எங்கும் நட்டால் வளர்கிறது, விரைவில் வளர்கிறது, எந்தக் கருத்தும் அதன்மேல் கொடியாகப் படர்கிறது. மொழியின் சில்வர் ஓக் அது. அதில் தீமை ஒன்றுமில்லை. ஓரிடத்தில் அது தேவையும்கூட. ஆனால் சோலை முழுவதையும் அதுவே நிரப்புமானால், பொந்துள்ள பழஞ்சொற்கள் நிற்க இடமில்லை. பழஞ்சொல்லின் பொந்தில் ஏதோ ஓர் உயிர் குடியிருக்கிறது. தச்சன்குருவி என்ற சொல்லுக்குள் ஓர் உளியோசை இருக்கிறது. கரிச்சான், குக்குறுவான், விசிறிவாலி என்ற ஒவ்வொன்றுக்குள்ளும் யாரோ ஒருவர் நின்று பார்த்த ஒரு காலைப்பொழுது இருக்கிறது.

இத்துறையில் வழிகாட்டியோர் தமிழுக்கு இல்லாமலில்லை. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனார் மா. கிருஷ்ணன், 1950இல் தொடங்கி 1996இல் மறையும்வரை 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் இயற்கை குறித்த பத்தியை இடைவிடாது எழுதினார், தமிழிலும் எழுதினார். காட்டுயிர் பற்றி எழுதுவதற்குத் துல்லியமும் நடையழகும் ஒருங்கே வேண்டும் என்பதற்கு அவர் எழுத்தே சான்று. தமிழ்ப் பேராசிரியர் க. ரத்னம், பறவைகளுக்குத் தமிழில் வழங்கும் பெயர்களைத் தேடித் தொகுத்து நூலாக்கினார். இலக்கியம் பயிற்றுவித்த ஒருவர் பறவைப் பெயர்களைத் தொகுத்தது தற்செயல் அன்று. சங்கப் பாடலில் வரும் புள்ளைப் புரிந்துகொள்ள, வேலியோரத்தில் இருக்கும் புள்ளை அறிந்தாக வேண்டும் என்ற தேவையே அத்தொகுப்புக்கு வேர்.

பத்தாண்டு நிறைவு காணும் வட்டத்துக்கு இதிலிருந்து ஒரு பணி கிடைக்கிறது. அரியூர் நாட்டிலும் அதனை அடுத்த நாடுகளிலும் தேனெடுப்போர், காப்பி பறிப்போர், கோயிற்காட்டுக்கு விளக்கேற்றுவோர், முதிய பெண்டிர் ஆகியோர் மரங்களுக்கும் பறவைகளுக்கும் பூச்சிகளுக்கும் வழங்கும் பெயர்களைக் கேட்டு எழுதவேண்டும். நூலில் உள்ள பெயரை அவர்களுக்குக் கற்பிக்கச் செல்லலாகாது. அவர்கள் பெயரைக் கற்கச் செல்லவேண்டும். பசையெடுப்பானுக்கு அங்கே வேறு பெயர் இருக்குமானால், அப்பெயரே அம்மலையில் அதன் பெயர். சொல்லியவர் இன்னார், எந்த நாட்டினர், எம்மரத்தைக் காட்டிச் சொன்னார் என்ற குறிப்போடு அவை ஏட்டில் ஏறவேண்டும். அடுத்த பத்தாண்டில் ஓர் ஆண்டுக்கு 20 சொற்கள் சேர்ந்தாலும் 200 சொற்கள் ஆகும். எந்த நினைவுத் தூணும் அதற்கு ஈடாகாது.

அப்பணியில் கவிதைக்கு ஆகும் ஊதியமும் ஒன்று உண்டு. மேலேறும்போது தெரியாதது இறங்கும்போது தெரியும் என்பது பசையெடுப்பானின் உடலில் எழுதிய பாடம். தமிழ்க் கவிதை நெடுங்காலம் உச்சியை நோக்கியே ஏறியது. வானும் விண்மீனும் விடுதலையும் அதன் இலக்குகள். அவை தவிர்க்கத் தக்கவை அல்ல. ஆயினும் அதே மரத்தில் ஒருமுறை தலையைக் கீழாக்கி, தரையை நோக்கி, ஒவ்வொரு செதிலாகப் பார்த்துக்கொண்டு இறங்குவதால் இழப்பு ஏதுமில்லை. பட்டையின் மறுமுகத்தில் உணவு இருக்கிறது.

ஓரியின் அம்பு துளைத்த ஐந்து விலங்குகளையும் வன்பரணரின் பாட்டு இன்றுவரை காத்து வைத்திருக்கிறது. அம்பும் போயிற்று, அரசும் போயிற்று. அரியூர்ச் சோலையின் முதுமரங்களுள் எவை நிற்கும் என்பதைத் தோட்டக்காரரும் வனத்துறையும் தெய்வ நம்பிக்கையும் சந்தை விலையும் சேர்ந்து முடிவுசெய்யும். அம்முடிவு எடுக்கப்படும் வேளையில், அம்மரத்தில் வாழ்வது இன்னது என்று பெயர் சொல்ல ஒரு குரலாவது இருக்கவேண்டும். அக்குரல் கவிஞர்களுடையதாக அமையட்டும்.